ஜனவரி 26: சிட்னி துறைமுகப் பாய்மரப் பந்தயமும் ஒரு தேதியின் மூன்று நினைவுகளும்

ஆண்டுதோறும் ஜனவரி 26 காலையில் சித்தூரிலும் திருப்பதியிலும் பள்ளி மைதானங்களில் மூவண்ணக் கொடி ஏற்றப்படும் வேளையில், ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் நண்பகல் கடந்திருக்கும். அங்குள்ள துறைமுகத்தில் அந்நேரம் பாய்மரப் படகுகள் பந்தயத்தில் ஓடிக்கொண்டிருக்கும். நமக்கு அது குடியரசு நாள். அவர்களுக்கு ஆஸ்திரேலிய நாள். இரு நாடுகளின் தேசிய விடுமுறையும் ஒரே தேதியில் அமைந்தது தற்செயலே. ஆயினும் அந்தத் தற்செயலை வரலாற்று மாணவர்கள் ஒரு வாய்ப்பாகக் கொள்ளலாம். ஒரு தேதி எவ்வாறு ஒரு நாட்டின் நாளாகிறது? அதைக் கொண்டாடும் உரிமை யாருக்கு வாய்க்கிறது? கொண்டாட்டத்தைக் கரையிலிருந்து பார்ப்பவருக்கும் நீரிலிருந்து பார்ப்பவருக்கும் அது ஒன்றாகவே தோன்றுமா? இவ்வினாக்களைச் சிட்னியின் பாய்மரப் பந்தயத்தை முன்னிட்டு எழுப்பிப் பார்ப்பதே இப்பதிவின் நோக்கம்.

சிட்னியில் 1837 ஜனவரி 26 அன்று தொடங்கிய இப்பந்தயம் நெடுங்காலம் ‘ஆண்டுவிழா ரெகாட்டா’ என்றே வழங்கப்பட்டது. இன்று அதன் பெயர் ‘ஆஸ்திரேலிய நாள் ரெகாட்டா’. உலகில் ஆண்டு தவறாமல் நடைபெற்றுவரும் பாய்மரப் பந்தயங்களுள் இதுவே மிகப் பழமையானது என்பது அதன் அமைப்பாளர்களின் கூற்று. ஆறு குடியேற்றங்கள் இணைந்து ஆஸ்திரேலியக் கூட்டாட்சி உருவானது 1901இல்தான். ஆகவே, பந்தயம் நாட்டைவிட அறுபத்துநான்கு ஆண்டுகள் மூத்தது. நாடு பிறக்கும் முன்பே அதன் விழா பிறந்துவிட்டது என்னும் இவ்வுண்மையிலிருந்து நம் விசாரணையைத் தொடங்கலாம்.

வந்திறங்கிய நாள்

நாடுகடத்தப்பட்ட கைதிகளையும் அவர்களுக்குக் காவலாகக் கடற்படை வீரர்களையும் ஏற்றிக்கொண்டு 11 கப்பல்கள் 1787 மே 13 அன்று இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டன. ஆஸ்திரேலிய வரலாற்றில் இது ‘முதல் கப்பற்படை’ எனப்படும். அதன் தலைவர் ஆர்தர் பிலிப். 1788 ஜனவரியில் முதலில் அடைந்த பாட்டனி விரிகுடா குடியேற்றத்துக்கு ஏற்றதாக இல்லாமையால், அவர் வடக்கே இருந்த ஆழமான இயற்கைத் துறைமுகத்துக்குக் கப்பல்களை நகர்த்தினார். ஜனவரி 26 அன்று சிட்னி கோவ் என்னும் சிறு குடாவின் கரையில் பிரிட்டிஷ் கொடி ஏற்றப்பட்டது. குடியேற்றம் முறைப்படி அறிவிக்கப்பட்டது பிப்ரவரி 7 அன்றே. இருப்பினும் மக்கள் நினைவில் நின்றது கொடியேறிய நாள்தான்.

அந்தக் கரை காலிநிலம் அன்று. காடிகல் முதலான தொல்குடியினர் அத்துறைமுகத்தின் கரையோரங்களில் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்துவந்தனர். மரப்பட்டையால் செய்த சிறு ஓடங்களில் சென்று மீன் பிடித்தனர். தூண்டிலிட்டு மீன் பிடிப்பதில் பெண்கள் வல்லவர்களாக இருந்ததைக் குடியேறிகளே குறித்துவைத்துள்ளனர். அவர்களோடு எந்த உடன்படிக்கையும் செய்யப்படவில்லை. 1789இல் பரவிய பெரியம்மை, சிட்னிப் பகுதித் தொல்குடியினருள் ஏறத்தாழப் பாதிப்பேரைக் கொன்றது என்பது பிலிப்பின் கணிப்பு. அத்துறைமுகத்தில் முதன்முதலில் படகு செலுத்தியவர்களின் கதை, அங்கு முதல் பந்தயம் நடப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே இவ்வாறு சிதைக்கப்பட்டுவிட்டது.

நம் பகுதி மாணவர்கள் கருதத்தக்க ஒரு தொடர்பும் உண்டு. இரண்டாம் மைசூர்ப் போரின் நடுவே, 1782 டிசம்பர் 7 அன்று, சித்தூருக்கு அருகிலுள்ள நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில் ஹைதர் அலி காலமானார். அப்போரை ஒட்டி இந்தியக் கடற்பகுதியில் பிரிட்டன் தன் கடற்படையை வலுப்படுத்த முனைந்தது. அதன் பகுதியாக, 1783இல் ‘யூரோப்’ என்னும் போர்க்கப்பலின் தலைவராக இந்தியாவை நோக்கி அனுப்பப்பட்டவர் இதே ஆர்தர் பிலிப். சித்தூர்ப் பாசறையும் சிட்னிக் குடாவும் ஒரே பேரரசின் கணக்கேட்டில் அடுத்தடுத்த பக்கங்கள் எனலாம்.

நாள் விழாவானது

ஜனவரி 26ஐத் தொடக்கத்தில் கொண்டாடியவர்கள் ஆளுநர் மாளிகையினர் அல்லர். தண்டனைக் காலம் முடிந்து விடுதலையான கைதிகளும், அவர்களுள் வணிகத்தால் செல்வம் சேர்த்தவர்களும் விருந்து வைத்து மகிழ்ந்தனர். தாம் வந்திறங்கிய நாளே தமது இரண்டாம் வாழ்வு தொடங்கிய நாள் என்பது அவர்கள் எண்ணம். 1808ஆம் ஆண்டின் ஜனவரி 26 வேறொரு காரணத்துக்காகவும் நினைவுகூரப்படுகிறது. குடியேற்றத்தின் இருபதாம் ஆண்டு நிறைவான அன்று, ஆளுநர் வில்லியம் பிளையை அங்கிருந்த படையினரே பதவியிலிருந்து இறக்கினர். ‘ரம் கிளர்ச்சி’ எனப் பின்னாளில் பெயர் பெற்ற நிகழ்வு அது.

அந்த நாளுக்கு அரசு ஏற்பு அளித்தவர் 1810இல் ஆளுநர் பொறுப்பேற்ற லாக்லன் மக்வாரி. இவரும் இந்தியா கண்டவரே. 77ஆம் படைப்பிரிவுடன் 1788இல் பம்பாய்க்கு வந்து, 1792, 1799 ஆகிய இரு ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகைகளிலும் பங்கேற்றவர். திப்புவின் வீழ்ச்சியைக் கண்ட அதே அதிகாரி, 1818இல் குடியேற்றத்தின் முப்பதாம் ஆண்டு நிறைவை விடுமுறையாக அறிவித்தார். ஆண்டுக்கு ஒன்றாக 30 பீரங்கிகள் முழங்கின. அரசுப் பணியிலிருந்த கைவினைஞர்க்கும் தொழிலாளர்க்கும் ஓய்வு வழங்கப்பட்டது. அவரவர் உணவுப் பங்கோடு ஒரு பவுண்டு புதிய இறைச்சியும் கூடுதலாகத் தரப்பட்டது. பீரங்கி ஒலி ஆட்சியின் மொழி. ஒரு பவுண்டு இறைச்சி உழைப்பவனின் மொழி. ஒரு விழா வேரூன்ற இவ்விரண்டும் தேவைப்பட்டன.

நீரில் ஏன் நடந்தது?

ரெகாட்டா என்னும் சொல் வெனிஸ் நகரத்திலிருந்து வந்தது. அந்நகரின் கால்வாய்களில் நடைபெற்ற துடுப்புப் போட்டிகளை முதலில் அது குறித்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்குச் சென்று, பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாய்மரப் பந்தயங்களுக்கும் பெயராயிற்று. இங்கிலாந்தின் கௌஸ் நகரப் பந்தய வாரம் 1826இல் தொடங்கியது. அப்பழக்கம் அடுத்த பத்தாண்டுகளில் பேரரசின் கடைக்கோடித் துறைமுகங்களை எட்டிவிட்டது.

சிட்னியின் புவியமைப்பும் இதற்குத் துணைநின்றது. கடல்மட்டம் உயர்ந்தபோது மூழ்கிப்போன ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கே அத்துறைமுகம். அதனால் நீர் ஆழமாகவும், கரை எண்ணற்ற சிறு குடாக்களும் முனைகளுமாகவும் அமைந்துள்ளது. கோடைப் பிற்பகல்களில் வடகிழக்கிலிருந்து கடற்காற்று வீசும். ஜனவரி அங்குக் கோடை. காற்றும் உண்டு, அலைக்கு மறைவும் உண்டு. கரை முனைகளில் ஆயிரக்கணக்கானோர் கட்டணமின்றி நின்று பார்க்கவும் இயலும்.

அக்காலச் சிட்னி முழுமையாகவே கடலை நம்பிய ஊர். திமிங்கில வேட்டையும் கடல்நாய்த் தோல் வணிகமும் அதன் முதல் செல்வங்கள். துறைமுகத்தில் ஆட்களையும் சரக்குகளையும் கரையேற்றும் படகோட்டிகள், திமிங்கிலப் படகுகளின் துடுப்பாளர்கள், படகு கட்டும் தச்சர்கள் ஆகியோரின் திறமை அன்றாடம் காணக்கூடியதாக இருந்தது. ஆண்டுவிழாப் பந்தயத்தில் பாய்மரப் படகுகளோடு துடுப்புப் படகுகளுக்கும் இடமிருந்தது. நங்கூரமிட்ட ஒரு பெரிய கப்பல் ‘கொடிக்கப்பல்’ எனப்பட்டது. விருந்தினர் அதில் அமர்ந்து பார்த்தனர். பொதுமக்கள் கரையில் நின்று பார்த்தனர். பிற்காலத்தில், 1891 வாக்கில், சிட்னி வணிகர் மார்க் ஃபாய் தொடங்கிய படகுக் குழு, எண்களுக்குப் பதிலாகப் பெரிய வண்ணச் சின்னங்களைப் பாய்களில் பொறிக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தது. தொலைவில் நிற்கும் எளிய பார்வையாளனும் தனக்குரிய படகை அடையாளம் காண வேண்டும் என்பதே நோக்கம். செல்வர் பொழுதுபோக்காக இருந்த பாய்மர ஓட்டம் அவ்வூரில் பொதுமக்கள் விளையாட்டாக மாறியதற்கு இது ஒரு சான்று.

சிட்னி இவ்வகையில் தனித்ததன்று. தாஸ்மேனியாவின் ஹோபர்ட் நகரிலும் 1838 டிசம்பரில் ஒரு ரெகாட்டா தொடங்கப்பட்டது. 1642இல் டச்சு மாலுமி ஏபல் டாஸ்மன் அத்தீவைக் கண்டதன் நினைவாக, அப்போதைய துணைநிலை ஆளுநர் ஜான் ஃபிராங்க்ளின் அதனை ஏற்படுத்தினார். கடல் வழியாக வந்தவர்கள் தம் வரவைக் கடலிலேயே கொண்டாடுவது இயல்பு. அவ்விழாவின் பார்வைக்கோணமும் கப்பல் தளத்திலிருந்து கரையை நோக்கியதாகவே அமையும்.

விலக்கப்பட்டவர்களின் விழா, விலக்கும் விழா

1837இல் பந்தயம் பிறந்த அதே ஜனவரி 26 அன்று ஒரு விருந்தும் நடந்தது. குடியேற்றத்திலேயே பிறந்தவர்க்கு மட்டுமே அதில் இடம். இங்கிலாந்தில் பிறந்தவர்கள் இவர்களைக் கைதிகளின் பிள்ளைகள் என்று இளக்காரமாகப் பார்த்த காலம் அது. அந்த ஏளனத்துக்கு எதிராக, ‘இம்மண்ணில் பிறந்தவர் நாங்கள்’ என்று அவர்கள் பெருமிதம் கொண்டதில் நியாயம் உண்டு. ஆனால் விருந்துக்குத் தலைமை தாங்க அழைக்கப்பட்ட, அம்மண்ணின் புகழ்பெற்ற அரசியலாளர் வில்லியம் சார்லஸ் வென்ட்வொர்த், பிறரை விலக்கும் விருந்தை ஏற்க மறுத்துவிட்டார்.

இங்கே ஒரு முரண்பாட்டைக் கவனிக்கவேண்டும். தாழ்த்திப் பார்க்கப்பட்ட ஒரு மக்கள்கூட்டம் தன் தன்மானத்தை நிலைநாட்ட எடுத்த விழாவே ஜனவரி 26. அவ்வகையில் அது ஒரு சமத்துவக் கோரிக்கை. ‘இம்மண்ணில் பிறந்தவர்’ என்னும் அடைமொழிக்கு எவரைக் காட்டிலும் உரிமையுடைய தொல்குடியினரோ அந்த விருந்திலும் இல்லை, விழாவின் பொருளிலும் இல்லை. ஒருவரின் விடுதலை மொழி மற்றொருவரின் இருப்பை மறைக்கும் திரையாகவும் அமையக்கூடும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

அடுத்த ஆண்டு அம்முரண் மேலும் கூர்மையடைந்தது. 1838 ஜனவரி 26 குடியேற்றத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவு. பொது விடுமுறை அறிவிக்கப்பட்டது. சிட்னித் துறைமுகம் படகுகளாலும் கரை மக்கள் திரளாலும் நிறைந்திருந்தது. அதே வேளையில், வடக்கே பல நூறு கிலோமீட்டர் தொலைவில், இடைக்கால ஆட்சிப் பொறுப்பிலிருந்த கென்னத் ஸ்னாட்கிராஸ் அனுப்பிய மேஜர் நன் தலைமையிலான குதிரைப்படை, கமிலராய் தொல்குடியினரை விரட்டிச் சென்றுகொண்டிருந்தது. வாட்டர்லூ கிரீக் படுகொலை என வரலாற்றில் குறிக்கப்படும் அந்நிகழ்வுக்குப் பொதுவாகச் சுட்டப்படும் தேதியும் 1838 ஜனவரி 26 தான். கொல்லப்பட்டோரின் எண்ணிக்கை பற்றி வரலாற்றாசிரியர்களிடையே பெரும் கருத்து வேறுபாடு உண்டு. கொலை நிகழ்ந்ததில் ஐயமில்லை. பந்தயத்தில் படகு ஓட்டியவர்களுக்கு அன்று அது தெரிந்திருக்க வழியில்லை. பின்னால் வந்த நமக்குத் தெரியும். வரலாறு கற்றவரின் பொறுப்பு அந்த அறிவிலிருந்தே தொடங்குகிறது.

1938: மூன்று ஜனவரி 26கள்

நூறு ஆண்டுகள் கழித்து, 1938 ஜனவரி 26 அன்று சிட்னி தன் 150ஆம் ஆண்டு நிறைவைக் கொண்டாடியது. பிலிப் வந்திறங்கிய காட்சி ஃபார்ம் கோவ் கரையில் நடித்துக் காட்டப்பட்டது. அதில் தோன்றுவதற்காக நியூ சவுத் வேல்ஸின் மேற்குப் பகுதிகளிலிருந்து தொல்குடி ஆண்கள் வரவழைக்கப்பட்டனர். விழா ஊர்வலத்தில் கைதிகளுக்கு இடமே தரப்படவில்லை. யார் தொடங்கிய விழாவோ அவர்களே அதிலிருந்து நீக்கப்பட்டனர்! கைதிப் பரம்பரை என்பது வெட்கத்துக்குரியதாகக் கருதப்பட்ட காலத்தில், கொண்டாட்டம் தன் மூலவர்களையே மறந்தது.

அதே நாளில், எலிசபெத் தெருவிலுள்ள ஆஸ்திரேலியன் ஹால் என்னும் அரங்கில், தொல்குடியினர் ஏறத்தாழ நூறு பேர் கூடினர். ஜாக் பேட்டன், வில்லியம் ஃபெர்கூசன், வில்லியம் கூப்பர் ஆகியோர் முன்னின்ற அக்கூட்டத்துக்குத் ‘துக்க நாள்’ என்று பெயர். அவர்கள் முழுக் குடியுரிமையும் சமத்துவமும் வேண்டித் தீர்மானம் நிறைவேற்றினர்; சில நாள்களில் பிரதமர் ஜோசஃப் லயன்ஸை நேரில் கண்டு தம் கோரிக்கைகளை முன்வைத்தனர். கொண்டாட்டக்காரர்கள் நூற்றைம்பது ஆண்டு முன்னேற்றத்தை எண்ணினர். துக்கம் கடைப்பிடித்தவர்கள் அதே நூற்றைம்பது ஆண்டின் இழப்பை எண்ணினர். எண் ஒன்றே, கணக்கு வேறு.

அன்றே மூன்றாவது ஜனவரி 26 ஒன்றும் நடந்தது. அது நம் நாட்டில். 1929 டிசம்பரில் ராவி ஆற்றங்கரையில், லாகூரில், ஜவாஹர்லால் நேரு தலைமையில் கூடிய காங்கிரஸ் மாநாடு முழு விடுதலையே இலக்கு என அறிவித்தது. அதன் தொடர்ச்சியாக 1930 ஜனவரி மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை விடுதலை உறுதிமொழி நாளாகத் தெரிந்தெடுக்கப்பட்டது. அந்த ஞாயிறு 26ஆம் தேதியில் வந்தது. அதன்பின் ஆண்டுதோறும் அந்நாளில் கொடியேற்றி உறுதிமொழி எடுப்பது விடுதலை இயக்கத்தின் வழக்கமாயிற்று. சித்தூர், திருப்பதி ஆகிய ஊர்கள் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தன. 1938இல் அம்மாகாணத்தை ஆண்டது ராஜாஜி தலைமையிலான காங்கிரஸ் அமைச்சரவை.

ஆக, 1938இல் ஒரே பேரரசின் கீழ், ஒரே நாளில், சிட்னித் துறைமுகத்தில் பேரரசின் வரவு கொண்டாடப்பட்டது. அத்துறைமுகத்துக்கு அருகிலிருந்த அரங்கில் அவ்வரவுக்குத் துக்கம் கடைப்பிடிக்கப்பட்டது. இந்தியாவில் பேரரசை வெளியேற்றும் உறுதி புதுப்பிக்கப்பட்டது. தேதிக்கு இயல்பான பொருள் எதுவுமில்லை, அதை மனிதர்களே ஏற்றுகின்றனர் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

இந்தியா பின்னர் செய்த தேர்வும் இவ்விடத்தில் நோக்கத்தக்கது. ஆட்சி கைமாறிய ஆகஸ்ட் 15, மவுண்ட்பேட்டன் குறித்த நாள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் சரணடைந்ததன் இரண்டாம் ஆண்டு நிறைவு அது. அரசியலமைப்பு ஏற்கப்பட்டது 1949 நவம்பர் 26 அன்று. அதன் பெரும்பகுதியை நடைமுறைக்குக் கொண்டுவர இரண்டு மாதம் காத்திருந்தமைக்குக் காரணம், 1930இன் உறுதிமொழி நாளைக் குடியரசின் நாளாக்க வேண்டும் என்னும் விருப்பமே. பிறர் குறித்த நாளோடு, தாம் குறித்துக்கொண்ட நாளையும் இந்தியர் காத்துக்கொண்டனர்.

நம் பக்கத்து ஒப்பீடு: சந்திரகிரியும் சென்னையும்

‘அவர்கள் குடியேற்றத்தின் வரவைக் கொண்டாடுகிறார்கள், நாமோ விடுதலையைக் கொண்டாடுகிறோம்’ என்று எளிதாக முடித்துவிட நமக்கு உரிமையில்லை. சென்னையில் ஆகஸ்ட் 22ஐ ஒட்டி ‘மெட்ராஸ் தினம்’ 2004 முதல் கொண்டாடப்பட்டுவருகிறது. 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே, தாமர்ல வேங்கடப்ப நாயக்கரிடமிருந்து மதராசபட்டினத்தில் கோட்டை கட்ட இசைவு பெற்றதன் நினைவு அது. ஆவணத்துக்குரிய மாதம் ஜூலையா ஆகஸ்டா என்னும் விவாதம் இருப்பினும், நினைவு ஆகஸ்டில் நிலைத்துவிட்டது. இதுவும் ஓர் ஐரோப்பிய வரவின் நாள்தானே!

இந்நிகழ்வின் வேர்கள் இன்றைய திருப்பதி மாவட்டத்தில் உள்ளன. ஆங்கிலேயர் அதற்குமுன் 1626 வாக்கில் பண்டகசாலை அமைத்திருந்த ஆர்மகான், அதாவது துர்க்கராயப்பட்டினம், இம்மாவட்டத்தின் கடற்கரையில் உள்ளது. வணிகம் தழைக்காத அவ்விடத்தை விட்டே அவர்கள் மதராசபட்டினம் சென்றனர். நாயக்கரின் மேலரசரோ சந்திரகிரியைத் தலைநகராகக் கொண்டிருந்த விஜயநகர மரபினர். அவ்வழியில் வந்த ஸ்ரீரங்கராயர் 1645இல் கம்பெனியின் உரிமையை மீண்டும் உறுதிசெய்தார். திருப்பதிக்கு அருகிலுள்ள சந்திரகிரிக் கோட்டையின் ராஜமகாலைக் காணும் மாணவர்கள், ஒரு மாநகரின் பிறப்புப் பத்திரத்தோடு தொடர்புடைய அரசின் இருக்கையைக் காண்கின்றனர்.

மெட்ராஸ் தினம் சிட்னியின் நாளைப்போல் துக்க நாளாக எதிர்கொள்ளப்படாதது ஏன்? முதல் விடை, ஆவணம். சென்னையில் ஆங்கிலேயர் உள்ளூர் ஆட்சியாளரிடம் இசைவு கேட்டனர்; நிலத்துக்கு உரியவர் ஒருவர் உண்டு என்பதை அந்தச் செயலே ஒப்புக்கொள்கிறது. சிட்னியில் யாரிடமும் கேட்கப்படவில்லை. ஆஸ்திரேலிய நிலம் எவருக்கும் உரியதாக இருக்கவில்லை என்னும் சட்டப் புனைவு இரு நூற்றாண்டு நீடித்து, 1992 ஜூன் 3 அன்று வழங்கப்பட்ட மாபோ தீர்ப்பில்தான் அந்நாட்டின் உயர்நீதி மன்றத்தால் களையப்பட்டது.

இந்த விடை போதுமானதன்று. மதராசபட்டினக் கரையிலிருந்த மீனவரை நாயக்கரும் கேட்கவில்லை, கம்பெனியும் கேட்கவில்லை. ஆவணம் இருந்தமையால் பேரரசு வராமல் போய்விடவும் இல்லை. ஆழமான வேறுபாடு பின்வரலாற்றில் உள்ளது. சென்னை, அதைக் கட்டியெழுப்பிய தமிழரும் தெலுங்கரும் பிறரும் தம் நகரமாக மீட்டுக்கொண்ட ஊர். அங்கே ஆகஸ்ட் 22 அன்று நடைபெறும் நகர உலாக்களில் கோட்டை மட்டுமல்லாமல் மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் பேசப்படுகின்றன. வரவின் நாள் நகரத்தின் நாளாகப் பொருள் மாறிவிட்டது. சிட்னியிலோ கரையில் இருந்தவர்கள் தம் நிலத்திலேயே சிறுபான்மையராயினர். பொருளை மாற்றும் ஆற்றல் அவர்கள் கைக்கு நெடுங்காலம் வரவேயில்லை. ஒரு நாளின் காயம் ஆறுவதற்கு ஆவணம் மட்டும் போதாது. நினைவைத் திருத்தி எழுதும் அதிகாரமும் வேண்டும்.

1988க்குப் பின்

1988இல் இரு நூற்றாண்டு நிறைவின்போது பல நாட்டுப் பெரும்பாய்மரக் கப்பல்கள் சிட்னித் துறைமுகத்தில் அணிவகுத்தன. முதல் கப்பற்படையின் பயணமும் மறுபடி நிகழ்த்தப்பட்டது. அதே நாளில் தொல்குடியினரும் அவர்தம் ஆதரவாளருமாக 40,000க்கும் மேற்பட்டோர் நகரத் தெருக்களில் பேரணி சென்றனர். 1938இல் அரங்கினுள் ஒலித்த குரல் ஐம்பது ஆண்டில் தெருவுக்கு வந்துவிட்டது. 1994 முதல் எல்லா மாநிலங்களும் ஜனவரி 26ஐ அதே தேதியில் விடுமுறையாகக் கடைப்பிடிக்கின்றன. தேதியை மாற்றவேண்டும் என்னும் கோரிக்கையும் ஆண்டுதோறும் எழுந்துகொண்டேயிருக்கிறது. இன்று அந்நாளின் காலை, துறைமுகக் கரையிலுள்ள பாரங்கரூ என்னுமிடத்தில் தொல்குடியினரின் வுகுல்ஓரா சடங்குடன் தொடங்குகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் அத்துறைமுகத்தில் வாழ்ந்த ஒரு தொல்குடிப் பெண்ணின் பெயரே அவ்விடத்தின் பெயர்.

பந்தயம் இப்போதும் நடக்கிறது. அதில் ஓடுவோர் எவரும் படுகொலையைக் கொண்டாடுவோர் அல்லர். காற்றையும் நீரோட்டத்தையும் கணித்துப் படகு செலுத்தும் கலையைப் பேணுவோர். அவர்களைக் குற்றவாளிகளாக்குவது வரலாற்றாய்வின் வேலையன்று. விளையாட்டுக்கும் அது சார்ந்து நிற்கும் தேதிக்கும் உள்ள உறவைப் பிரித்தறிவதே ஆய்வின் வேலை. கேரளத்தின் ஆலப்புழையில் நேருவின் 1952ஆம் ஆண்டு வருகையிலிருந்து பிறந்த நேரு கோப்பைப் படகுப் போட்டியை எண்ணிப் பாருங்கள். அங்கும் ஒரு தலைவரின் வரவே நினைவுகூரப்படுகிறது. ஆனால் படகும் பாட்டும் துடுப்பும் வரவேற்றவர்களுடையவை. போட்டி நாளும் வருகை நாளைச் சார்ந்து நிற்கவில்லை: நேரு வந்தது டிசம்பரில், போட்டி நடப்பது மழைநீர் நிறைந்த ஆகஸ்ட் மாதத்தில். ஒரு நீர்விளையாட்டு தான் பிறந்த தேதியை விட்டு விலகியும் செழிக்க முடியும் என்பதற்கு அது சான்று.

நம் பகுதியிலும் நீர்விழாக்களுக்குக் குறைவில்லை. திருமலைப் புட்கரணியில் பங்குனிப் பௌர்ணமியை ஒட்டி நடக்கும் தெப்போற்சவம் பழமையானது. அக்குளத்தின் நடுவிலுள்ள நீராழி மண்டபம் 1468இல் சாளுவ நரசிம்மர் கட்டியது என்பர். தெப்பம் யாரையும் முந்துவதில்லை. சுற்றிவந்து புறப்பட்ட படித்துறைக்கே திரும்புகிறது. கரையில் நிற்பவரே அவ்விழாவின் மையம். ரெகாட்டாவையும் தெப்போற்சவத்தையும் அருகருகே வைத்து, நீரின்மேல் நிகழும் சடங்கில் பார்வையாளர் எங்கே நிற்கிறார் என்னும் ஒரு கேள்வியை மட்டும் கொண்டு ஒப்பிட்டாலே நல்லதொரு ஆய்வேட்டுக்குப் பொருள் கிடைக்கும்.

திருப்பதி, சித்தூர்க் கல்லூரிகளில் வரலாறு பயிலும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த குடியரசு நாள் வருமுன் ஒருமுறை துர்க்கராயப்பட்டினம் சென்று வாருங்கள். மற்றொரு நாள் சந்திரகிரி செல்லுங்கள். முன்னது ஆங்கிலேயர் வந்திறங்கியும் எவரும் விழா எடுக்காத கரை. பின்னது ஒரு மாநகரின் நிலத்துக்கு உரிமை உறுதிசெய்த அரசின் கோட்டை. இவ்விரு இடங்களைப் பற்றியும் அங்கே வாழும் மக்கள், குறிப்பாகக் கடலோர மீனவ முதியோர், என்ன நினைவு வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். கப்பல் தளத்திலிருந்து எழுதப்பட்ட குறிப்புகள் ஆவணக் காப்பகங்களில் நிறையவே உள்ளன. கரையின் குறிப்புகளைச் சேர்க்கும் பணி நம்முடையது.